பேஸ்மென்றை விட்டுப் போகுமுன்: தமிழ் வகுப்பு நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகக் குழுவினருக்கும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெற்றோருக்கும்,

வணக்கம். கார்த்திகைக் கடைசியில் வட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட சுற்றறிக்கையை மூன்று தரம் வாசித்தேன். தை மாதத்தோடு வகுப்பை வேறு மண்டபத்துக்கு மாற்றப்போவதாக எழுதியிருந்தீர்கள். "எங்கள் மாவீரரை மதிக்கத் தெரியாதவர்களின் கூரைக்குக் கீழே எங்கள் பிள்ளைகள் தமிழ் படிக்கத் தேவையில்லை" என்றும் எழுதியிருந்தீர்கள். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அந்த மெனோனைற் சேர்ச்சின் கூரைக்குக் கீழே நான் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். சனிக்கிழமை கீழே தமிழ் வகுப்பில், ஞாயிற்றுக்கிழமை மேலே ஆராதனையில். உங்களில் ஒருவர்கூட அந்தப் பதினாலு படியையும் ஒருநாள் ஏறிப் பார்த்ததில்லை. அதுதான் இந்தக் கடிதம்.

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். சுற்றறிக்கையில் பாதிதான் இருந்தது.

ஐப்பசி நடுவில் நீங்கள் நவம்பர் 27, மாவீரர் நாள் மாலைக்கு மண்டபம் கேட்டீர்கள். மூன்று கிழமை பதில் இல்லை. பிறகு சேர்ச்சிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதைத் தமிழில் வாசித்துச் சொன்னவள் நான்தான். முதல் பந்தி: துப்பாக்கி வரைந்த கொடி, சீருடைப் படங்கள், ஆயுதம் ஏந்திய பதாகைகள் இந்தக் கட்டடத்துக்குள் வேண்டாம். இரண்டாவது பந்தி: இறந்தவர்களுக்காக நீங்கள் விளக்கேற்றலாம், பெயர் சொல்லலாம், பாடலாம், அழலாம், எவ்வளவு நேரமானாலும் ஹீற்றரைப் போட்டு வைக்கிறோம், நீங்கள் விரும்பினால் எங்களில் சிலர் வந்து பின்னால் நிற்போம். இந்த இரண்டாவது பந்தி சுற்றறிக்கையில் இல்லை. மறந்துபோச்சுது என்று சொல்லாதீர்கள். நான் வாசிக்கும்போது செயலாளர் தம்பி எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போனது எனக்கு நினைவிருக்கிறது.

2006இல் கனடா இயக்கத்தை, விடுதலைப் புலிகளை, தடைப்பட்டியலில் சேர்த்தது. அதைக் காட்டி ஒரு வரியில் மறுத்திருக்கலாம். ஒரு வழக்கறிஞர் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பார். அவர்கள் சட்டத்தைப் பற்றிப் பேசவேயில்லை. துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசினார்கள். யாருடைய துப்பாக்கி என்று பார்த்துப் பேசவுமில்லை. அந்தக் கட்டடத்துக்குள் கனடாக் கொடியே கிடையாது, கவனித்தீர்களா? நவம்பர் 11 அன்று, போரில் இறந்த படைவீரரை நினைத்து, இந்த நாடே சிவப்புப் பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டு திரிகிறது. அவர்களில் பலர் அதற்குப் பதிலாக ஒரு சின்னச் சிவப்புப் பொத்தானைக் குத்துகிறார்கள். நினைவுகூர்வதென்றால் சமாதானத்துக்கு உழைப்பது என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் கழற்ற மாட்டார்கள். சொந்த நாட்டின் படைவீரருக்கே சல்யூட் அடிக்காத சனம் எங்களுக்கு மட்டும் அடிக்கவில்லை என்று கோபிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இவர்கள் ஆர் என்று பலருக்குத் தெரியாது. மெனோனைற் என்றால் சென் ஜேக்கப்ஸ் சந்தைக்குக் குதிரை வண்டியில் வரும் கறுப்புத் தொப்பிக்காரர் என்றுதான் நினைப்பு. அவர்கள் பழைய ஒழுங்குக்காரர், இவர்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். எங்கள் சபையில் எல்லாரும் காரில்தான் வருகிறார்கள், கைபேசியும் வைத்திருக்கிறார்கள். கூடி வந்தால் நாற்பது பேர். போதகர் ஒரு பெண், பாதி நேரச் சம்பளம்.

இவர்களுடைய கதை 1525 தை 21ஆம் திகதி சூரிச் நகரில் ஒரு வீட்டுக்குள் தொடங்குகிறது. குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிச் செய்வது ஞானஸ்நானம் இல்லை, வளர்ந்தவர் தானாக விரும்பிக் கேட்க வேண்டும் என்று சொல்லி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அரசும் சேர்ச்சும் ஒன்றாயிருந்த காலம். இரண்டு வருடத்துக்குள், 1527 தையில், அவர்களில் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸை அந்த நகரத்து ஆற்றிலேயே அமிழ்த்திக் கொன்றார்கள். தண்ணீர்தானே கேட்டாய், இந்தா தண்ணீர் என்ற மாதிரி. பிறகு 1536இல் ஒல்லாந்துப் பக்கத்துப் பாதிரியார் மெனோ சைமன்ஸ் தன் பழைய சபையை விட்டு இவர்களோடு சேர்ந்தார். பெயர் அவரால் வந்தது. இந்த வருடம் 500 ஆண்டு நிறைந்ததற்கு உலகம் முழுவதுமிருந்து சூரிச்சில் கூடினார்கள். எங்கள் சபையில் கேக் வெட்டினோம். அவ்வளவுதான்.

மண்டபத்துக்குப் போகும் வழியில் ஒரு படம் தொங்குகிறதே, பனிக்கட்டி உடைந்த குளத்தில் ஒருவன் தத்தளிக்க இன்னொருவன் குனிந்து கைநீட்டும் கறுப்பு வெள்ளைப் படம்? பிள்ளைகள் அதன் கீழேதான் சப்பாத்துக் கழற்றுகிறார்கள். கைநீட்டுபவர் பெயர் டிர்க் வில்லெம்ஸ். சிறையிலிருந்து தப்பி உறைந்த நீரைக் கடந்துவிட்டார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். இவர் திரும்பிப் போய்த் தூக்கிவிட்டார். அதனால் பிடிபட்டு, 1569இல் உயிரோடு எரிக்கப்பட்டார். என் மகள் ஏழு வயதில் அந்தப் படத்தைப் பார்த்து, "அம்மா, அவர் ஓடியிருக்கலாமே" என்றாள். ஓடியிருக்கலாம்தான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், இன்றைக்கும். அந்தப் படத்தை மாட்டி வைத்திருப்பவர்கள் அப்படி நினைக்கவில்லை. இவர்களோடு பழகுவதென்றால் இதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நான் எப்படி அங்கே போனேன் என்று கேட்பீர்கள். 1989 மாரி. அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருந்தேன். கையில் ஒரு குழந்தை, வயிற்றில் இன்னொன்று, அவர் இரவு வேலை. ஆரோ சொல்லி ஒரு வயோதிபத் தம்பதியர் வந்தார்கள். விசாரணைக்கு ரொறொன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், நாள் முழுக்கப் பின்வாங்கில் இருந்தார்கள். எனக்கு அவர்கள் பேசியதில் பாதி விளங்கவில்லை. ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். அந்த அம்மா, "என்னுடைய அப்பாவும் இப்படித்தான் வந்தவர்" என்றார்.

அது பெரிய கதை. சுருக்கிச் சொல்கிறேன். 1919இல் கனடா அரசு மெனோனைற்றுகள் உள்ளே வரக்கூடாதென்று தடை போட்டது. ஜேர்மன் பேசுகிற, படைக்குப் போகாத சனம் வேண்டாம் என்று. அதே நேரம் உக்ரேனில் இவர்களுடைய ஊர்கள் உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தன. பிறகு பஞ்சம். 1922இல்தான் தடை நீங்கியது. அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 20,000 பேர் கனடாவுக்கு வந்தார்கள். 1924 கோடையில் நூற்றுக்கணக்கானோர் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். பென்சில்வேனியாவிலிருந்து 1800 வாக்கிலேயே வந்து குடியேறியிருந்த இவ்விடத்து மெனோனைற் குடும்பங்கள் ஆளுக்கொரு குடும்பமாய் வீட்டுக்குக் கூட்டிப்போயின. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, மதம் மட்டும் ஒன்று. 1979 பங்குனியில் கனடா அரசோடு தனியார் அகதிப் பொறுப்பேற்பு ஒப்பந்தத்தை முதலில் கைச்சாத்திட்டதும் இவர்களுடைய நிவாரண அமைப்பான மெனோனைற் மத்திய குழுதான். 1986இல் எங்கள் ஆக்கள் 155 பேர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகில் மிதந்ததும், 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்ததும், ஏன் வந்தார்கள் என்று நாடு கத்தியதும் உங்களுக்குத் தெரியும். கத்தாத சனத்தில் இவர்களும் இருந்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விசாரணையில் வென்ற அடுத்த ஞாயிறு, நன்றி சொல்லப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று உழுந்து வடை சுட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கு ஆராதனைக்குப் பிறகு பொதுச் சாப்பாடு. ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து நீள மேசையில் வைப்பார்கள். நடுவில் ஓட்டை இருந்ததால் டோநட் என்று நினைத்துக் கிழவர் ஒருவர் மேப்பிள் பாணியில் தோய்த்துச் சாப்பிட்டார். உள்ளே பச்சைமிளகாய். முகம் சிவந்தது, கண் கலங்கியது. ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று எடுத்தார். அதற்கும் பாணி ஊற்றினார். அவர் சாகும்வரை என் வடையை அப்படித்தான் சாப்பிட்டார்.

சரி, ஞாயிற்றுக்கிழமை என்னதான் நடக்கிறது?

சிலுவையும் சிலையும் கண்ணாடிச் சித்திரமும் இல்லாத ஒரு வெறும் அறை. மரவாங்கு. யன்னலுக்கு அப்பால் சோளவயல், மாரியில் வெள்ளை. ஒரு பிள்ளை வந்து சமாதான விளக்கு என்று ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தும். பிறகு ஒருவர், இந்த நிலம் 1784இல் கிராண்ட் ஆற்றின் இருகரையிலும் ஆறு நாட்டுப் பழங்குடி மக்களுக்கென்று எழுதிக்கொடுக்கப்பட்ட நிலம் என்று சொல்வார். கிழமைக்குக் கிழமை சொல்கிறார்கள். முதல் சில வருடம் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு எரிச்சல். சொல்லிவிட்டு அந்த நிலத்தில்தானே இருக்கிறீர்கள்? ஒருமுறை வாய்விட்டும் கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. அடுத்த மாதம் அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். இவர்களுக்கு எதற்கும் மருந்து கூட்டம்தான்.

பாட்டுத்தான் பெரிய விஷயம். பாடகர் குழு என்று தனியாக ஒன்றும் இல்லை. பியானோ ஒரு மூலையில் இருக்கும், பலநாள் மூடியே இருக்கும். ஒரு பெண் முன்னால் வந்து சுருதிக்குழலை ஒருதரம் ஊதி, கையைத் தூக்குவார். அவ்வளவுதான். நாற்பது பேரும் நாலு குரலாய்ப் பிரிந்து பாடுவார்கள். கட்டைக்குரல் ஆம்பிளையள் பின்வாங்கில், மேல்குரல் இடப்பக்கம். ஒருவருக்கும் ஒருவரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அம்மாவின் மடியில் இருந்து கேட்டுக் கேட்டு வந்தது. காது கேளாத ஒரு முதிய அம்மா, முன்வாங்கின் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாடுவார். வாங்கு அதிர்வது தெரியும் என்பார். நானும் கையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான், அதிர்கிறது. 1969இல் வந்த அவர்களுடைய பாட்டுப்புத்தகத்தில் 606ஆம் எண்ணில் ஒரு துதிப்பாட்டு. 1992இல் நீலப் புத்தகம் வந்தது, 2020இல் ஊதாப் புத்தகம் வந்தது, எண் மாறியது. ஆனால் இன்றைக்கும் "அறுநூற்றாறு" என்றால் புத்தகம் எடுக்காமல் எழும்பி நிற்கிறார்கள்.

எங்கள் கோயிலில் தேவாரம் ஓதுவார் ஓதுவார், நாங்கள் கேட்போம். இப்போது ஓதுவாரும் இல்லை, பென் டிரைவ் ஓதுகிறது. வாயைத் திறந்து பாட வேண்டும் என்ற நினைப்பு எனக்கு அந்தச் சேர்ச்சில்தான் திரும்பி வந்தது. இப்போது வெள்ளிக்கிழமை கோயிலில் நான் சத்தமாகப் பாடுவதைக் கேட்டு ஐயர் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

மதம் மாற்றுகிறார்கள் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்ததே, அதற்கும் பதில் இதுதான். முப்பத்தாறு வருடத்தில் ஒருவர்கூட என்னை ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லவில்லை. விபூதியோடுதான் போகிறேன். கேட்காமல் ஒருவருக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதற்காகச் செத்தவர்களின் பிள்ளைகள், என்னை ஏன் நெருக்கப் போகிறார்கள்?

பிரசங்கத்துக்குப் பிறகு ஒரு மைக் வாங்கு வாங்காகப் போகும். மகிழ்ச்சியையும் பாரத்தையும் சொல்லும் நேரம். இதைத்தான் நீங்கள் ஒருதரம் பார்க்க வேண்டும். மாடு இரட்டைக் கன்று போட்டது. முழங்கால் சத்திரசிகிச்சை பிந்திப்போச்சு. மகன் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டான். வேலை போய்விட்டது. ஒருவரும் புத்திமதி சொல்வதில்லை, கைதட்டுவதுமில்லை. சொன்னதைப் போதகர் ஒரு சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பெயரோடு செபத்தில் சொல்வார். புதன்கிழமையே வேலை போனவரின் வாசலில் ஒரு சட்டி சூப் இருக்கும். ஆர் வைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் மகன் குடிக்கிறான் என்று கோயில் மண்டபத்தில் எழும்பிச் சொல்வோமா? நான் சொல்லமாட்டேன். அடுத்த கிழமைக்குள் ஸ்காபரோ வரைக்கும் போய்விடும்.

எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. குறையும் சொல்கிறேன். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத ஆக்கள். சிரித்துக்கொண்டே பத்து வருடம் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பார்கள். புதிதாய் ஒருவர் வந்தால், பெயரைக் கேட்டு, எந்தப் பவுமன், எந்த மார்ட்டின், யாருடைய பேத்தி என்று விசாரிப்பார்கள். எங்களுடைய "ஊரிலை எவடம், ஆற்றை ஆள்?" என்ற கேள்வியேதான், ஆங்கிலத்தில். பெயர் அந்தப் பட்டியலில் இல்லாதவருக்கு நாற்பது வருடமானாலும் ஓர் ஓரம்தான். எனக்கும் அது உறைத்த நாட்கள் உண்டு. எல்லாரையும் கேட்டுத்தான் எதையும் முடிவெடுப்பார்கள். பனி வழிக்கிற செலவுக்கு வருடாந்தக் கூட்டத்தில் ஒன்றரை மணித்தியாலம் வாதாடியதைப் பார்த்து நான் பின்னாலிருந்து பின்னினேன். போதகருக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் போதகரிடம் போய் நேரில் கேட்டீர்கள், அவர் சிரித்தார், சம்மதம் என்று நினைத்தீர்கள். அங்கேதான் பிழை. மூன்று கிழமை பதில் வராததை அவமதிப்பு என்று எழுதினீர்கள். அந்த மூன்று ஞாயிறும் சாப்பாட்டு மேசையில் உங்களைப் பற்றித்தான் பேச்சு. நான் அங்கே இருந்தேன்.

இனி, எழுதக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன்.

என் தம்பி இயக்கத்தில் இருந்தவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். 1995இல் போனான். உடம்பு கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் நான் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, நவம்பர் கடைசி ஞாயிறு, மைக் என் வாங்குக்கு வந்தபோது எழும்பிவிட்டேன். என்னுடைய ஊரில் இந்தக் கிழமை இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவார்கள், என் தம்பியும் அதில் ஒருவன், அவன் துவக்கோடு செத்தான் என்று சொன்னேன். எந்தக் கூட்டத்துக்கு முன் எதைச் சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. போதகரின் பேனை நின்றது. வெளியில் ஆரோ பனியை உழக்கிக்கொண்டு நடக்கும் ஒலி மட்டும். பிறகு போதகர் தம்பியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுத்துக்கூட்டச் சொன்னார். அவன் பெயரைச் சொல்லித்தான் அன்றைய செபம் தொடங்கியது.

அதற்குப் பிறகு, கோப்பை கழுவும் இடத்தில் (அங்கே ஆம்பிளையள்தான் கழுவுவார்கள், எங்கள் நிர்வாகத்தினர் இதையாவது பார்த்துப் பழகலாம்) அந்த வடைக்குப் பாணி ஊற்றும் கிழவர் என்னைக் கூப்பிட்டார். தன் தமையன் 1943இல் படைக்குப் போனவர் என்றார். இரண்டாவது உலகப்போரில் கனடாவில் 10,000க்கும் மேற்பட்டோர் மனச்சாட்சிப்படி ஆயுதம் தூக்க மறுத்து, காட்டிலும் பூங்காவிலும் மாற்றுவேலை செய்தார்கள், பெரும்பாலானோர் மெனோனைற்றுகள். மறுக்காமல் படைக்குப் போன மெனோனைற் பெடியளும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அப்படிப் போனவர்களைப் பல சபைகள் விலக்கின. அவருடைய தமையனின் பெயரையும் ஏட்டிலிருந்து வெட்டினார்கள். அவன் இத்தாலியிலிருந்து திரும்பி வரவில்லை. "ஐம்பது வருடமாய் இந்தக் கட்டடத்துக்குள் அவன் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை" என்றார். கையில் ஈரத்துணி. தமையன் செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை. பிழை என்றுதான் சாகும்வரை சொன்னார். ஆனால் அடுத்த ஞாயிறு மைக் வந்தபோது எழும்பித் தமையனின் பெயரைச் சொன்னார். குரல் உடைந்தது. பிறகு "அறுநூற்றாறு" பாடச் சொன்னார்.

துவக்கை மறுப்பதும் துவக்கோடு செத்தவனுக்கு அழுவதும் ஒரே ஆளால் முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்தக் கடிதத்தின் முதல் பந்தியும் இரண்டாவது பந்தியும் அந்த ஆள்தான். ஒன்றை வாசித்து மற்றதை விட்டால் கடிதம் பொய்யாகிவிடும்.

நான் அவர்களோடு சண்டை பிடிக்காதவளும் இல்லை. 2009 வைகாசியில், முள்ளிவாய்க்கால் செய்தி வந்த கிழமை, கோபத்தில் மைக்கைப் பிடித்து, "ஆயுதம் வேண்டாமென்று சொல்ல, ஆயுதம் தேடி வராத ஊரில் இருக்க வேணும்" என்று கத்தினேன். உக்ரேன் வழிக் குடும்பத்து ஒருவர், இப்போதும் வருகிறார், ஆராதனை முடிந்து கார் வரைக்கும் கூட வந்தார். 1918, 1919இல் மக்னோ என்ற ஆயுதக்குழுத் தலைவனின் ஆட்கள் ஊர் ஊராய்க் கொன்றுகொண்டு வந்தபோது தன் தாத்தாவும் ஊர்ப் பெடியளும் துவக்குத் தூக்கித் தற்காப்புப் படை கட்டினார்கள் என்றார். அதனால் ஊர் தப்பியதா, இன்னும் மோசமாய் அழிந்ததா என்று தங்கள் குடும்பம் தொண்ணூறு வருடமாய் வாதாடுகிறது, இன்னும் தீரவில்லை என்றார். "உனக்கு என்னிடம் பதில் இல்லை" என்றார். பிறகு கண்ணாடியில் படிந்திருந்த மகரந்தத்தைக் கையால் துடைத்துவிட்டுப் போனார். எனக்கும் அவரிடம் பதில் இல்லை. தம்பி சரியா பிழையா என்று நான் இந்தக் கடிதத்தில் எழுதப் போவதுமில்லை.

பேஸ்மென்றில் நாலு மரச்சட்டம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் முறைப்பாடு வருகிறது. அது போர்வை கட்டும் சட்டம். 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். செவ்வாய்க்கிழமைகளில் கிழவியர் இருந்து துண்டுத் துணிகளைத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, நூலால் முடிச்சுப் போடுவார்கள். முடிந்ததும் மத்திய குழுவுக்குப் போய், அங்கிருந்து போர் நடக்கும் நாடுகளுக்குப் போகும். எங்கள் பிள்ளைகள் இடைவேளையில் அதன் கீழே நுழைந்து ஒளித்துப் பிடித்து விளையாடுகிறார்கள். போன வருடம் ஒரு பிள்ளை ஒரு போர்வையின் ஓரத்தில் "அம்மா" என்று பேனையால் எழுதிவிட்டாள். தாய் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டா. கிழவி ஒருவர் அது என்ன எழுத்து என்று கேட்டு, அதன் மேலேயே சிவப்பு நூலால் தைத்துவிட்டார். அந்தப் போர்வை எந்த நாட்டுக்குப் போனதோ.

இன்னொன்று, பெரிய வியாழன் இரவு. அன்றைக்கு ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள், பெண்கள் பெண்களுக்கு, ஆண்கள் ஆண்களுக்கு. முதல்முறை எண்பது வயது அம்மா என் முன்னால் முழங்காலில் குனிந்தபோது நான் காலை இழுத்துவிட்டேன். பெரியவ என் காலைத் தொடுகிறதா, பாவமல்லவா? அவ விடவில்லை. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வெடித்த குதிகால் என்னுடையது. இளஞ்சூட்டுத் தண்ணீர், பழைய துவாய். வெடிப்பிலே விரல் பட்டதும் நிமிர்ந்து பார்த்து, "எங்கே வேலை செய்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு ஒரு சோடி கம்பளிக் காலுறை வந்தது.

எனக்கு உங்களிடம் வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நவம்பர் 27ஐக் கொடியோடும் படங்களோடும் செய்ய விரும்புகிறவர்களுக்கு வேறு மண்டபம் எடுங்கள். நானும் வருவேன், எப்போதும் வந்திருக்கிறேன். அந்த மண்டபத்தில் தம்பியின் சீருடைப் படம் இருக்கும். ஆனால் அந்த ஒரு நாளுக்காக வருடத்தில் நாற்பது சனிக்கிழமையைக் கிளப்பிக்கொண்டு போகாதீர்கள். முடிந்தால் அவர்கள் சொன்ன இரண்டாவது பந்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீருடை இல்லாத படம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். எல்லா வீட்டிலும் இருக்கிறது. எங்கள் வீட்டில், அடையாள அட்டைக்கென்று எடுத்த படம். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து இழுத்த தலை, ஒரு காது கொஞ்சம் வெளியே நீட்டியபடி. அம்மா கடைசிவரை தலைமாட்டில் வைத்திருந்தது அந்தப் படத்தைத்தான்.

தை முதல் சனி உங்கள் கூட்டம். கையுயர்த்தி முடிவெடுப்பீர்கள், அரை மணித்தியாலம் போதும் உங்களுக்கு. அதற்கு முன்னால் ஒரு ஞாயிறாவது, பத்து மணிக்கு, ஒருவராவது மேலே வாருங்கள். பின்வாங்கில் இருங்கள். பாட வேண்டாம், மைக் வந்தால் தலையாட்டி அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெயரைக் கேட்டு யாருடைய பேரன் என்று விசாரித்தால் கோபிக்க வேண்டாம்.

பேஸ்மென்ற் திறப்பு இருபத்தேழு வருடமாய் என்னிடம் இருக்கிறது. போவது என்று முடிவானால் அதை என் கையால் திருப்பிக் கொடுக்க மாட்டேன். கையுயர்த்துகிறவர்களில் ஒருவர் என்னிடம் வந்து வாங்கிக்கொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்து அவர்கள் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது, நேரே போய் ஈரக்கையில் கொடுங்கள்.

உங்களில் ஒருத்தி,
நூலக அலுமாரிக்குப் பொறுப்பான அம்மம்மா
வாட்டர்லூ, ஒன்ராறியோ
மார்கழி 2025